பாத்தியில் சிக்கிய செருப்பு

ஏழாவது பாத்தியில் கடைசி நாள் மிதி நடந்துகொண்டிருந்தபோதுதான் செந்தமிழின் அண்ணன் மணிவண்ணன் செருப்புக் காலோடு உள்ளே இறங்கினான்.

உப்பளத்தில் யாரும் செய்யாத காரியம் அது. உப்பு விளைய வைப்பதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு நாள் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, ஆளுக்கொரு தடியை ஊன்றிக்கொண்டு, ஒரே தாளத்தில் மிதிப்பார்கள். தரை சிமெண்ட் போல ஆகும்வரை விடமாட்டார்கள். ஒரு குழி விழுந்தாலும் உவர்நீர் அதில் இறங்கிவிடும், சேறு கலந்து உப்பு கறுத்துவிடும். அதனால் யார் வந்தாலும் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுத்தான் பாத்தியில் கால் வைப்பார்கள். சொல்லித் தர வேண்டியதே இல்லை.

மணிவண்ணன் நெல்லும் வேர்க்கடலையும் விளைவிக்கிற பிரம்மதேசத்துக்காரன். அவனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அன்றைக்குக் கழற்றியிருக்க மாட்டான்.

செந்தமிழ் அப்போதுதான் மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பின் மேல் வந்துகொண்டிருந்தாள். ஆறாவது மாசம். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. பைக்கை ரோட்டோரமாகச் சாய்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வருகிற உருவத்தைப் பார்த்ததும், எட்டு மாசத்துக்கு முன்னால் அவள் ஜெயசீலனைக் கட்டிக்கொண்டதோடு பேச்சு நின்றுபோன அண்ணன் என்று தெரிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், தன்னைப் பார்க்கத்தான் வருகிறான் என்று நினைத்து அவள் சிரித்தும்விட்டாள்.

அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வரிசையின் நடுவில் நின்ற ஜெயசீலனிடம் போனான்.

"எங்கம்மா வளையல் வாங்கி ஒளிச்சு வெச்சிருக்காங்க. நீதான் ஆள் அனுப்பினியா?"

ஜெயசீலன் தடியை ஊன்றியபடி நின்றான். "ஆமாங்க மச்சான். பொன்னியக்கா உங்க ஊர்ப் பக்கம் போனாங்க. செந்தமிழுக்கு ஆறு மாசம்னு அத்தைகிட்ட சொல்லச் சொன்னேன். பெத்தவங்களுக்குத் தெரியணும் இல்லீங்களா?"

"யாருக்குடா யாரு மச்சான்?"

அறை விழுந்த சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. வழுக்கும் களிமண்ணில் ஜெயசீலனின் கால் பின்னிக்கொண்டது. ஒரு முழங்கால் பாத்தியில் குத்தி இறங்கியது.

பதினாறு தடிகள் ஒன்றாக மேலே எழுந்தன.

"தடியக் கீழ போடுங்க" என்றான் ஜெயசீலன், எழுந்துகொண்டே. குரல் உயரவில்லை. "சவரி, உன்னைத்தான். கீழ போடு."

சவரிமுத்து போடவில்லை. ஜெயசீலனும் அவனும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த பாத்திகள் இவை. போன வருஷம் சுனாமி கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளி அள்ளியே ஒரு பருவம் போய்விட்டது. இந்த வருஷம்தான் முதல் உப்பு எடுக்கப் போகிறார்கள்.

"என்னை அடிக்கத் தெரிஞ்ச கைக்கு இவனை அடிக்கத் தெரியலியா?" என்றான் சவரிமுத்து.

"அதனாலதான் சொல்றேன். போடு."

சவரிமுத்து தடியைக் கீழே போட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். ஜெயசீலன் மணிவண்ணனுக்கு நேராக வந்து நின்றான். இடது கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்திருந்தன. மெதுவாக மறு கன்னத்தைத் திருப்பினான்.

"இன்னொன்னு அடிக்கணும்னா அடிங்க. நான் எங்கேயும் ஓடல. ஆனா செருப்பக் கழட்டிட்டு அடிங்க மச்சான். பன்னெண்டு நாளா பதினாறு பேரு மிதிச்ச பாத்தி இது."

மணிவண்ணனின் கை மேலே போனது. போன கை அங்கேயே நின்றது. அடிக்க ஓங்கிய கைக்கு எதிரே பயமோ கோபமோ இருந்திருந்தால் அது கீழே இறங்கியிருக்கும். இரண்டும் இல்லாத ஒரு முகத்தை என்ன செய்வது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"வளைகாப்புக்கு எங்க வீட்லேர்ந்து ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

திரும்பியவனின் வலது செருப்பு களிமண்ணில் சிக்கிக்கொண்டது. இழுத்தான். வார் அறுந்ததே தவிரச் செருப்பு வரவில்லை. அத்தனை பேர் பார்க்க, ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் சேற்றோடும் பைக்கை நோக்கிப் போனான். பின்னால் மிதி வரிசையில் நின்ற பொன்னியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எங்க பாத்தி வாடகை கேக்குது சார்" என்று அவள் கத்தினாள். "ஒத்தை செருப்ப அடமானமா வெச்சுக்கிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். செந்தமிழ் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு வந்த வழியே வீட்டுக்கு நடந்தாள்.

*

சாயந்திரம் ஜெயசீலன் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாத்தியிலிருந்து பிடுங்கி வந்த அண்ணனின் செருப்பை அவன் கழுவி வாசலில் காய வைப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"சவரி இதைக் கொட்டகை வாசல்ல ஆணியடிச்சு மாட்டணும்னான். வேணாம்னுட்டேன்" என்றான்.

"ஏன் வேணாம்? மாட்டியிருக்கலாம்."

"செந்தமிழு."

"ஏன் அடி வாங்கினு நின்ன?" அவள் திரும்பினாள். கோபம் வந்தால் 'ங்க' போய்விடும். "அவன் என் அண்ணன்தான். என்னைத் தோள்ல தூக்கி வளத்தவன்தான். அப்பா போன பிறகு மூணு வருஷம் தினமும் திண்டிவனம் பஸ் ஏத்திவிட்டுக் காலேஜுக்கு அனுப்பினவன்தான். அதுக்காக என் புருஷனை அவன் கைநீட்டி அடிக்கிறதா? பதினாறு பேரு பாத்தாங்க. நான் பாத்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரியுது. நீ கன்னத்தக் காட்டினு நிக்கிற."

ஜெயசீலன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். முழங்காலில் இன்னும் களிமண் ஒட்டியிருந்தது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி மாதா கோயில் திருவிழாவுல சவரிய அடிச்சேன், தெரியுமில்ல? ஒண்ணுமில்லாத விஷயம். தேர் இழுக்குற எடத்துல தள்ளிட்டான்னு. பல்லு ரெண்டு போச்சு. ஊரே என் கையைப் பத்திப் பேசுச்சு. எனக்கும் பெருமைதான். அப்புறம் மூணு வருஷம் அடுத்தடுத்த பாத்தியில வேலை செஞ்சோம். ஒரு வார்த்தை பேசல. அவன் முதுகைப் பார்த்தே நான் உப்பு வாரினேன். நான் அடிச்சது ஒரு நிமிஷம்தான். அது எங்க நடுவுல மூணு வருஷம் உக்காந்துச்சு. சுனாமி வந்து ரெண்டு பேர் பாத்தியையும் ஒண்ணாக்கிப் போட்ட பிறகுதான் அவன்கிட்டப் போய் மன்னிப்பு கேட்டேன்."

சுனாமி என்றதும் அவள் பார்வை கொஞ்சம் இளகியது. சேதக் கணக்கெடுக்க வந்த ஒரு நிவாரண அமைப்பின் நோட்டோடு அவள் அந்தப் பாத்திகளுக்குப் போனதும், இடுப்பளவு சேற்றில் நின்ற ஒருவன், 'மேடம், கையைக் கழுவிட்டு வந்து கையெழுத்து போடறேன், உங்க நோட்டு பாழாயிடும்' என்று சொன்னதும் அந்த ஜனவரியில்தான்.

"உங்க ஏசு சாமி அடி வாங்கச் சொன்னாரா?" என்றாள், பழைய சூடு இல்லாமல்.

"கன்னத்தைக் காட்டச் சொன்னாரு. ஓடச் சொல்லல. அழச் சொல்லல. தலையக் குனியவும் சொல்லல. தலை குனிஞ்சா கன்னம் எப்படித் தெரியும்? நிமிந்து நின்னாத்தானே காட்ட முடியும்."

அவள் அதை யோசித்தாள். பாத்தியில் அவன் நின்ற விதம் கண்முன் வந்தது. நிமிர்ந்துதான் நின்றான். அவளுடைய கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

"செருப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"வார் தைச்சு, கொண்டுபோய்க் குடுக்கணும்."

"கூடாது." அவள் குரல் மறுபடியும் கெட்டியானது. "எங்க தெரு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீங்க அவன் செருப்பைக் கையில தூக்கினு அந்தத் தெருவுல நடந்தா, மன்னிச்சுட்டான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அடங்கிட்டான்னுதான் சொல்வாங்க. அதுக்கு நான் விடமாட்டேன்."

ஜெயசீலன் வாசலில் காய்கிற செருப்பைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையாட்டினான். "சரிதான். அது எனக்குத் தோணல."

"நான் தூக்கினு வரேன். அண்ணன் செருப்பைத் தங்கச்சி தூக்கினா யாரும் வாயைத் திறக்க முடியாது. நீங்க வேற ஒண்ணு கொண்டு வாங்க. முதல் உப்பு." அவள் விரல் விட்டு நாட்களைக் கூட்டிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையாப் போகணும். வெள்ளிக்கிழமை வாசலுக்கு வர்ற உப்பை எங்கம்மா திருப்பி அனுப்ப மாட்டாங்க. மகாலட்சுமி."

"கணக்குப் போட்டுத்தான் கல்யாணம் பண்ணினியா என்னை?"

"பின்ன? பி.ஏ. எதுக்குப் படிச்சேன்?"

அவன் சிரித்தான். கன்னம் வலித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் அந்த ஐந்து விரல் தடத்திலும் தடவினாள்.

*

முழங்கால் குத்திய குழியையும் செருப்புத் தடங்களையும் சரிசெய்ய இன்னும் மூன்று நாள் மிதிக்க வேண்டியிருந்தது. மூன்று நாளும் பொன்னி மணிவண்ணனைத் திட்டித் தீர்த்தாள். ஜெயசீலன் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, அவளைத் தடுக்கவும் இல்லை. உவர்நீர் கட்டினார்கள். மாசி வெயில் நன்றாக அடித்தது. மற்றப் பாத்திகளில் உப்புப் பூத்தும் ஜெயசீலன் பொறுத்திருந்தான். ஏழாவது பாத்தியும் வெளுக்கட்டும் என்றான்.

"அவருக்குக் கொண்டுபோற உப்பு அவரும் மிதிச்ச பாத்தியிலேர்ந்து போகட்டும்."

சவரிமுத்து மூக்கால் சிரித்தான். "அடிவாங்கின பாத்தின்னு சொல்லு."

"அதுவும்தான்."

பலகையால் முதல் உப்பை வரப்பில் இழுத்துப் போட்டபோது பொன்னி கற்பூரம் ஏற்றினாள். சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டான். உப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு மண் துணுக்கு இல்லை.

பங்குனி இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி பிரம்மதேசத்தில் இறங்கினார்கள். ஜெயசீலன் கையில் புதுத் துணிப்பையில் உப்பு. செந்தமிழ் கையில் செய்தித்தாளில் சுற்றிய செருப்பு. தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சுக்குரல்கள் அடங்கின. எதிர்வீட்டு சின்னப்பாப்பா, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், புடைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். செந்தமிழ் வயிற்றை முந்தானையால் மூடிக்கொள்ளவில்லை. தலை நிமிர்ந்தே நடந்தாள்.

வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அவளுடைய அம்மா தையல்நாயகி வெளியே வந்தாள். மகளைப் பார்த்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள்.

"அத்தை, எங்க முதல் உப்பு" என்றான் ஜெயசீலன். "வெள்ளிக்கிழமையாச்சு. உங்க வீட்டுக்குத்தான் முதல்ல."

தையல்நாயகி உள்ளே ஓடி முறத்தோடு வந்தாள். உப்பைக் கையிலிருந்து கைக்கு வாங்கக் கூடாது, வாங்கினால் சண்டை வரும் என்பது அவள் காலங்காலமாகக் கடைப்பிடிக்கிற விஷயம். ஜெயசீலன் பையைக் கவிழ்த்தான். வெள்ளைக் குவியல் முறத்தில் ஏறியது.

மணிவண்ணன் குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறோடு வெறுங்காலில் வெளியே வந்தான்.

"இன்னொரு கன்னம் பாக்கின்னு வந்தியா?"

"ஆமாங்க மச்சான்" என்றான் ஜெயசீலன். "அன்னைக்கு நீங்க அவசரமாப் போயிட்டீங்க."

சின்னப்பாப்பா களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. மணிவண்ணன் முகம் கறுத்தது. கை வீசியது. இந்த முறை கன்னத்தின் மேல் இல்லை. முறத்தின் மேல்.

முறம் பறந்து சுவரில் மோதியது. உப்பு கோலத்தின் மேல், படிக்கட்டின் மேல், மணிவண்ணனின் இரண்டு பாதங்களையும் சுற்றிச் சிதறியது.

எதிரே சின்னப்பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மகாலட்சுமிடா" என்றாள் தையல்நாயகி, மெல்ல. "வெள்ளிக்கிழமைடா."

மணிவண்ணன் ஓர் அடி எடுத்து வைக்கக் காலைத் தூக்கினான். வைக்க இடமில்லை. முன்னால் உப்பு. பின்னால் உப்பு. நெல் தூற்றும்போது ஒரு மணி காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற குடும்பம். உப்பை மிதிக்க அந்தக் கால் எப்படி வரும்? தூக்கிய காலைப் பழைய இடத்திலேயே வைத்தான். செருப்போடு பாத்தியில் இறங்கியவன், தன் வீட்டு வாசலில் தானே கொட்டிய உப்புக்கு நடுவில், வெறுங்காலோடு, அசைய முடியாமல் நின்றான்.

ஜெயசீலன் தோள் துண்டை எடுத்துத் தரையில் விரித்தான். குந்தி உட்கார்ந்து, மணிவண்ணனின் கால்விரல்களைச் சுற்றிக் கிடந்த உப்பைக் கையால் ஒதுக்கி வாரத் தொடங்கினான். பாத்தியில் வாருகிற அதே நிதானம்.

"அசையாதீங்க மச்சான். ரெண்டு நிமிஷம். வழி பண்ணிடறேன்."

செந்தமிழ் ஓர் அடி முன்னால் வந்தாள். கூப்பிட்டு நிறுத்தலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் அடங்கியவனின் முகம் இல்லை. தன் விளைச்சலைத் தானே வாருகிறவனின் முகம் இருந்தது. எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்தாள்.

"எழுந்திரு" என்றான் மணிவண்ணன்.

"முடிஞ்சிடுச்சுங்க."

"எழுந்திருய்யா. தெருவே பாக்குது." சொன்னவன் தானே நின்ற இடத்தில் குந்தினான். இரண்டு கைகளாலும் உப்பை வாரித் துண்டில் போட்டான். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கிற தூரத்தில் இருந்தன.

"அன்னிக்கு அத்தனை பேரு தடியோட நின்னாங்க" என்றான் மணிவண்ணன், தலை நிமிராமல். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னைக் கட்டில்லதான் கொண்டாந்து போட்டிருப்பாங்க."

"சொல்லலியே."

"அதான். ஒரு மாசமா அதையே நினைச்சினு இருக்கேன். ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னைக்கு இந்த வாசலுக்கு வந்திருக்க முடியுங்களா? உங்க தங்கச்சிக்குப் பிறந்த வீடு இருக்குமா?" ஜெயசீலன் படிக்கட்டின் மேலிருந்த உப்பை ஒதுக்கினான். "எனக்கு உங்களை ஜெயிக்க வேணாங்க மச்சான். நீங்க வேணும்."

மணிவண்ணன் கோலத்தின் மேல் மிச்சமிருந்ததையும் வாரிப் போட்டான். துண்டு நிறைந்துவிட்டது. கடைசியாக ஜெயசீலன் உள்ளங்கையில் ஒரு பிடி இருந்தது. மணிவண்ணன் தன் கையை நீட்டினான்.

"டேய், கையில வாங்காத" என்று பதறினாள் தையல்நாயகி. "சண்டை வரும்."

"இத்தினி மாசம் போட்ட சண்டைக்கு மேல புதுசா இன்னாம்மா வரப்போவுது?" மணிவண்ணன் கையை எடுக்கவில்லை. "குடு மாப்ளே."

உப்பு கைமாறியது. தையல்நாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சின்னப்பாப்பாவும் அழுதாள், ஏனென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

செந்தமிழ் செய்தித்தாளைப் பிரித்துச் செருப்பை அண்ணன் எதிரே வைத்தாள். வார் தைத்து, எண்ணெய் தடவி, புதுசு போல இருந்தது. அவன் அதையே பார்த்தான்.

"இத எதுக்குத் தூக்கினு வந்த பாப்பா? இதோட ஜோடிய அன்னிக்கே வழியில ஏரியில வீசிட்டேன்."

பாப்பா. எட்டு ஒன்பது மாசமாக யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

*

வளைகாப்பு அடுத்த வாரமே மரக்காணத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டில் நடந்தது. ரோட்டில் வேனை நிறுத்திவிட்டு, சீர்த்தட்டுகளோடு வரப்பின் மேல் வரிசையாகத்தான் நடந்து வர வேண்டும். இருபத்தொரு தட்டுகள். இருபுறமும் பாத்திகள் வெயிலில் வெள்ளையாகப் பளபளத்தன. முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு தையல்நாயகி. பின்னால் பிரம்மதேசத்துப் பெண்கள். கூடவே சின்னப்பாப்பா, கூப்பிடாமலே வேனில் ஏறி உட்கார்ந்தவள். எல்லோருக்கும் கடைசியில் வளையல் தட்டைத் தானே ஏந்திக்கொண்டு மணிவண்ணன்.

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். சவரிமுத்து இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். போன பல்லின் இடைவெளியில் விசில் இன்னும் பலமாக வந்தது.

வீட்டு வாசலில் நின்ற செந்தமிழின் கையை ஜெயசீலன் பிடித்துக்கொண்டான். அவள் அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள். ஒரு காலத்தில் ஊரே பேசிய கை அது.

ஏழாவது பாத்திக்கு அருகே வந்ததும் மணிவண்ணன் நின்றான். யாரும் சொல்லவில்லை. தட்டைப் பத்திரமாக ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, புதுச் செருப்பைக் கழற்றி வரப்பின் ஓரத்தில் ஜோடியாக வைத்தான்.

"ரெண்டையும் பத்திரமா வைங்க சார்" என்றாள் பொன்னி, பாத்திக்குள்ளிருந்து. "எங்க பாத்திக்கு உங்க செருப்பு மேல ஒரு கண்ணு."

"வெச்சுக்கச் சொல்லுங்க" என்றான் மணிவண்ணன், நடந்துகொண்டே. "இந்த வாட்டி ஜோடியாவே குடுத்துடறேன்."